சுண்ணாம்பு முகட்டில் ஒரு புதிய மரம்

1999 அக்டோபரில், வியட்நாமின் வடகோடியில் சீன எல்லையை ஒட்டியுள்ள பாட் டாய் சோன் மலைத்தொடரில் தாவரங்களைத் தேடிச் சென்ற ஒரு குழு, சுண்ணாம்புப்பாறை முகடு ஒன்றில் நின்ற மரத்தின் கிளைகளை வெட்டி எடுத்துக்கொண்டது. பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் வளராத மரம். பழுப்புப் பட்டை நார்நாராக உரிந்துகொண்டிருந்தது. சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நட்டு வளர்க்கப்பட்ட சைப்ரஸ் மரங்களைப் பார்த்தவர்களுக்குக்கூட அந்தச் சாயல் பிடிபடும். ஆனால் எந்த சைப்ரஸ் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் இலைகள். சைப்ரஸ் வகை மரங்கள் கன்றுப் பருவத்தில் சிறு ஊசி போன்ற இலைகளை விடும். வளர வளர அவை மறைந்து, தண்டோடு ஒட்டிக்கொள்ளும் செதில் இலைகள் வந்துவிடும். பெரும்பாலான இனங்களில் இது ஒருவழிப் பாதை. இந்த மரமோ முழு வளர்ச்சி அடைந்து கூம்பு பிடித்த பிறகும், சில கிளைகளில் கன்றுப் பருவத்து ஊசி இலைகளையும் மற்றக் கிளைகளில் தட்டையான செதில் இலைகளையும் ஒருசேர வைத்திருந்தது. இரண்டு கிளைகளைத் தனித்தனியே காட்டினால், இரண்டு வெவ்வேறு மரங்கள் என்றே நினைக்கத் தோன்றும்.

2002இல் அதற்கு ஸாந்தோசைபாரிஸ் வியட்நாமென்சிஸ் என்ற பெயர் கிடைத்தது. புதிய சிற்றினம் என்பதோடு நில்லாமல், புதிய பேரினமாகவும் அது அறிவிக்கப்பட்டது. பூக்கும் தாவரங்களில் ஆண்டுதோறும் புதிய சிற்றினங்கள் ஏராளமாக வந்து சேர்கின்றன. அந்த உலகில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஊசியிலை மரங்களோ உலகம் முழுவதிலும் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம்தான். மரக்கட்டைக்காகவும் காகிதக்கூழுக்காகவும் இரண்டு நூற்றாண்டுகளாகத் துருவித் துருவி ஆராயப்பட்ட கூட்டம் அது. அதில் ஒரு புதிய பேரினம் இதற்கு முன் கிடைத்தது ஆஸ்திரேலியாவில், 1994இல் சிட்னிக்கு வடமேற்கே ஒரு மணற்பாறைப் பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்ட வொலமை பைன். அதனால்தான் வியட்நாம் முகட்டின் மரம் தாவரவியல் உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இத்தனை காலம் அது எப்படி மறைந்திருந்தது, ஒரு கிளை எப்படி ஒரு பேரினமாக நிரூபிக்கப்படுகிறது, அப்படி நிரூபித்துப் பெயரிடுவதால் மரத்துக்கு என்ன ஆகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், புதிய இனத்தைக் கண்டுபிடிப்பது என்றால் உண்மையில் என்ன என்பது விளங்கும்.

கல்லின் குணம்

முதல் கேள்விக்கு விடை, மரம் நின்ற பாறையிலேயே இருக்கிறது. சுண்ணாம்புப்பாறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பண்டைக் கடல்களில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கருங்கல்லை அதிகம் தொடாது, சுண்ணாம்பைக் கரைத்துவிடும். லட்சக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்ததில் பாறையில் விரிசல்கள் அகன்று பிளவுகளாகின்றன, பிளவுகள் குகைகளாகின்றன, குகைக்கூரைகள் சரிந்து செங்குத்துச் சுவர்களும் கத்திமுனை முகடுகளும் எஞ்சுகின்றன. இத்தகைய நில அமைப்பைப் புவியியலாளர்கள் கார்ஸ்ட் என்கிறார்கள். பாட் டாய் சோன் அமைந்துள்ள குவான் பா வட்டாரம் அப்படிப்பட்ட நிலம். அதை உள்ளடக்கிய டோங் வான் கார்ஸ்ட் பீடபூமி 2010இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா வலையமைப்பில் சேர்ந்தது.

செடிகொடிகளுக்கு இது கடுமையான இடம். எவ்வளவு மழை பெய்தாலும் சல்லடையில் ஊற்றியதுபோல் நீர் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கும் மரம் மழை ஓய்ந்த சில நாட்களிலேயே வறட்சியைச் சந்திக்க வேண்டும். பிளவுகளில் சேரும் இலைமக்கும் தூசியும்தான் மண். அந்த மண்ணில் கால்சியம் மிகுதி, காரத்தன்மையும் உண்டு. கார மண்ணில் இரும்பும் பாஸ்பரஸும் வேர் எளிதில் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். சாதாரணச் செடியை அங்கே நட்டால் இரும்புச் சத்துக் குறைந்து இலை மஞ்சளித்துப் போகும். இந்த நெருக்கடிகளைத் தாங்கப் பழகிய இனங்கள் மட்டுமே அங்கே நிலைக்கின்றன. அவற்றில் பல, சுண்ணாம்பு இல்லாத மண்ணில் வளர்வதே இல்லை.

தனி இனங்கள் இங்கே மிகுந்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புக் குன்றுகள் சமவெளியிலிருந்து திடீரென எழுந்து தனித்தனியே நிற்பவை. ஒரு குன்றின் உச்சியில் வாழும் செடிக்கு அடுத்த குன்றின் உச்சி, நடுவில் உள்ள வேறு வகை மண்ணின் காரணமாக, எட்ட முடியாத தூரம். விதை தாண்டாது, மகரந்தமும் சேராது. கடல் நடுவே தீவுகளில் நடப்பதுபோலவே இங்கும் ஒவ்வொரு குன்றிலும் உயிர்கள் தனி வழியில் திரிந்து புதிய இனங்களாகின்றன.

உலகத் தமிழர்கள் நன்கறிந்த ஒரு சுண்ணாம்புக் குன்று இதற்குச் சான்று: கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலை. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானோர் படியேறும் அந்தக் குகைக்கோயிலைச் சுற்றியுள்ள பாறைகளில் 269 வகைக் கலன் தாவரங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் 56 இனங்கள் சுண்ணாம்பில் மட்டுமே வளர்பவை. தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்நாட்டுத் தாவர இனங்களில் ஏழில் ஒரு பங்கு இந்தக் குன்றுகளில் காணப்படுகிறது.

பாறைமுகட்டுக்கு மூன்றாவது குணம் ஒன்றும் இருக்கிறது. நமது மரத்தின் கதையில் இதுதான் முக்கியம். வளமான பள்ளத்தாக்கில் விரைவாக வளரும் மரங்கள் மெதுவாக வளர்பவற்றை நிழலில் அழுத்திக் கொன்றுவிடும். முகட்டில் அந்தப் போட்டி இல்லை. காட்டுத்தீ அங்கே ஏறிப் பரவுவதற்குச் சருகு போதாது. கால்நடை ஏறாது. கோடரியும் கடைசியில்தான் வரும். ஆகவே, ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்து, பின்னர் தட்பவெப்பம் மாறியதால் மற்ற இடங்களில் அழிந்துபோன பழைய இனங்களுக்கு அது புகலிடமாகிறது. கனடாவின் ஒன்டாரியோவில், நயாகரா விளிம்பு எனப்படும் நீண்ட பாறைச்சரிவின் செங்குத்துச் சுவர்களில் தொற்றி நின்ற குட்டையான துயா மரங்களைக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சன் குழு 1980களின் இறுதியில் ஆராய்ந்தபோது, அவற்றுள் சில ஆயிரம் ஆண்டு வயதைத் தாண்டியவை என்று தெரியவந்தது. தொழில் நகரங்களுக்கு நடுவே, எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு பழங்காடு நின்றிருக்கிறது. பாறையில் ஏறிப் பார்த்து ஆண்டுவளையங்களை எண்ணும்வரை அதன் வயது யாருக்கும் தெரியவில்லை.

பாட் டாய் சோன் மரமும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல், மேகம் தவழும் முகடுகளில் இப்படித்தான் தங்கியிருந்தது. அந்த மலைகளில் தாவரங்களைச் சேகரித்தவர்கள் குறைவு. வியட்நாம் போர்களிலிருந்து மீண்டு, அயல்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து தன் காடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகே இந்த முகடுகளின் முறை வந்தது.

கிளையிலிருந்து தாளுக்கு

பின்னர் இந்த மரத்தை விவரித்து வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர்கள் ஹனோயைச் சேர்ந்த நுயென் தியென் ஹியெப், ஃபான் கே லோக், ரஷ்யாவின் கொமரோவ் தாவரவியல் நிறுவனத்தின் லியோனித் அவெரியானோவ், அமெரிக்கரான டேனியல் ஹார்டர், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் அல்யோஸ் ஃபார்யோன் ஆகியோர். அவெரியானோவ் ஆர்க்கிட் நிபுணர். ஃபார்யோன் உலக ஊசியிலை மரங்கள் அனைத்துக்கும் பட்டியல் தொகுத்தவர். ஒருவர் மலையை அறிவார், ஒருவர் மரக்குடும்பத்தை அறிவார். இருவரும் சந்தித்தால்தான் புதியது புதியது என்று தெரியும்.

மாதிரி எடுப்பது கைக்கு எட்டிய கொப்பை ஒடித்துவருகிற காரியம் இல்லை. கூம்போ பூவோ காயோ இல்லாத கிளை பெரும்பாலும் பயன்படாது. தாவரங்களின் உறவுமுறை இனப்பெருக்க உறுப்புகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே கூம்புள்ள கிளையைத் தேடி, பாறை விளிம்பில் நின்று நீளக் கொக்கியால் வெட்ட வேண்டும். சுண்ணாம்பு முகடுகளின் ஓரங்கள் மழையில் கரைந்து கூர்மையாகியிருக்கும். பிடித்த கை கிழியும். வெட்டியதைச் செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, அட்டைகளுக்கிடையே அழுத்தி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். ஒரே மரத்திலிருந்து பல படிகள் எடுத்தால்தான் பல நாடுகளின் தொகுப்புகளுக்கு அனுப்ப முடியும்.

காய்ந்தபின் கிளை பலவற்றை இழந்துவிடும். பச்சையின் சாயல், தழையின் மணம், பட்டையின் நிறம், மரத்தின் தோற்றம் எதுவும் தாளில் இருக்காது. அதனால் களக்குறிப்பேட்டில் உயரம், சரிவின் திசை, பாறையின் தன்மை, பக்கத்தில் நிற்கும் மரங்கள் எல்லாம் அங்கேயே எழுதப்படுகின்றன. இந்த மரத்தின் அண்டைவீட்டார் பட்டியலே ஒரு தடயம். அதில் டக்ளஸ் ஃபிர் மரத்தின் ஆசிய உறவான சூடோசுகா உண்டு, சுகா உண்டு, அகன்ற இலையுள்ள ஊசியிலை மரமான நகேயாவும் உண்டு. இந்த நகேயாவின் இன்னொரு சிற்றினமான நகேயா வாலிசியானாதான், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளில் இயல்பாக வளரும் ஒரே ஊசியிலை மரம். பைனும் சைப்ரஸும் தமிழ்நாட்டு மலைகளுக்கு மனிதர் கொண்டுவந்தவை. நகேயா மட்டும் தானாக வந்தது.

மேசையில் நடக்கும் விசாரணை

ஒன்றைப் புதியது என்று சொல்ல வேண்டுமானால், இதற்கு முன் அறியப்பட்ட எதுவுமே அது இல்லை என்று காட்டியாக வேண்டும். இதற்காகத்தான் உலர்தாவரகங்கள் இருக்கின்றன. கியூவில் மட்டும் சுமார் 70 லட்சம் உலர் மாதிரிகள் உண்டு. கோவையில், 1853இல் சென்னை உலர்தாவரகமாகத் தொடங்கிய தொகுப்பு இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் உண்டு. தாளில் தைத்த காய்ந்த கொப்புகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த நாளில், எந்தத் தாவரம் நின்றது என்பதற்கான சாட்சி.

வியட்நாம் மாதிரியை வைத்து நடந்த ஒப்பீட்டை எளிமையாகச் சொல்லலாம். சைப்ரஸ் குடும்பத்தில் கூம்புதான் அடையாளம். குப்ரெசஸ் பேரினத்தின் கூம்புகள் பொதுவாகப் பெரியவை. அவற்றில் செதில்களும் விதைகளும் அதிகம். கமேசைபாரிஸ் பேரினத்தின் கூம்புகள் சிறியவை. அவை ஒரே பருவத்தில் முற்றிவிடும். வியட்நாம் மரத்தின் கூம்பு ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள சிறு உருண்டை. அதில் பெரும்பாலும் நான்கே செதில்கள், அரிதாக ஆறு. முற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அளவில் கமேசைபாரிஸ் போல. முற்றும் காலத்தில் குப்ரெசஸ் போல. இரண்டிலும் சேர்க்க முடியாது.

இதே கலவையான குணம் கொண்ட இன்னொரு மரத்தைத் தாவரவியலாளர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியாவின் வடபகுதிவரை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் நூட்கா சைப்ரஸ் அது. அதன் கூம்பிலும் நான்கு அல்லது ஆறு செதில்கள். அதுவும் இரண்டு ஆண்டுகளில் முற்றும். 1824இல் அது குப்ரெசஸ் என்று விவரிக்கப்பட்டது. 1841இல் கமேசைபாரிஸுக்கு மாற்றப்பட்டது. அங்கேயும் அது பொருந்தாமலே இருந்துவந்தது. வியட்நாம் மரம் வந்தபிறகுதான் அந்தப் பொருந்தாமைக்கு ஒரு விளக்கம் கிடைத்தது: இவ்விரண்டும் ஒரு தனிக் கூட்டத்தில் எஞ்சியவை. ஃபார்யோனும் உடனாசிரியர்களும் ஸாந்தோசைபாரிஸ் என்ற பேரினத்தை உருவாக்கி இரண்டையும் அதில் வைத்தார்கள். பெயர், மரத்தின் வைரத்தின் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பசிபிக் கடலின் இரு கரைகளில், பல ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உறவினர்கள் எப்படி? முகட்டின் அண்டைவீட்டார் இதற்கு உதவுகிறார்கள். சூடோசுகா பேரினமும் இப்படியே கிழக்காசியாவிலும் வட அமெரிக்காவின் மேற்கிலும் பிரிந்து நிற்கிறது. பூமி இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்த காலத்தில், ஆசியாவும் அமெரிக்காவும் பெரிங் பகுதியில் நிலத்தால் இணைந்திருந்தன. வடபகுதி முழுவதும் காடு படர்ந்திருந்தது. பின்னர் குளிர் பரவியபோது நடுவிலிருந்தவை அழிந்தன. விளிம்புகளில் இருந்தவை தங்கின. பல தாவரக் கூட்டங்களில் தென்படும் இந்தப் பிரிவுக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் இதுதான்.

பெயர் செல்லுபடியாவது எப்படி

இவ்வளவு தெரிந்த பிறகும் மரத்துக்கு அறிவியல் பெயர் வந்துவிடாது. தாவரப் பெயரிடலுக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் அது திருத்தப்படுகிறது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலிலிருந்து பெயர்களின் கணக்கு தொடங்குகிறது. அந்த விதிகளில் இரண்டு, நம் கதைக்கு அடிப்படை.

ஒன்று, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலமாதிரி வேண்டும். ஆயிரம் மரங்கள் இருந்தாலும், இந்தப் பெயர் இந்த ஒரு தாளிலுள்ள இந்தக் கிளையைக் குறிக்கிறது என்று கட்டுரையில் சுட்டி, அது எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். மூலமாதிரியைச் சுட்டுவது 1958 முதல் கட்டாயம். விவரிப்பில் பிழை இருக்கலாம், படம் தவறாக வரையப்பட்டிருக்கலாம். நூறு ஆண்டு கழித்து ஐயம் எழுந்தாலும், அந்தத் தாளை எடுத்து மீண்டும் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். அறிவியலில் யாருடைய சொல்லையும் நம்பிக்கையின் பேரில் மட்டும் ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு அரிது.

இரண்டு, புதிய இனம் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விவரிப்பு வெளியிடப்பட வேண்டும். 1935 முதல் 2011 முடிய அந்த விவரிப்பு லத்தீனில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது, இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ்களும் ஏற்கப்படுகின்றன. 2002இல் வெளிவந்த நமது மரத்துக்கு லத்தீன் விவரிப்பு தேவைப்பட்டது. அமெரிக்காவின் மிசூரி தாவரவியல் பூங்கா நடத்தும் நோவான் இதழில் அது வெளியானது.

கண்டதிலிருந்து பெயரிட மூன்று ஆண்டுகள் என்பது, இந்தத் துறையில் மிக விரைவு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிய பூக்கும் தாவர இனங்கள் சேகரிக்கப்பட்ட நாளுக்கும் விவரிக்கப்பட்ட நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டது. சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை 16 விழுக்காடு மட்டுமே. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இனங்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. உலகம் இன்னும் அறியாத தாவர இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கெனவே பறிக்கப்பட்டு, யாரும் அடையாளம் காணாமல் உலர்தாவரக அலமாரிகளில் கிடக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். காட்டில் நடப்பதற்கு ஆள் கிடைத்தாலும், அலமாரியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதே இதன் பொருள்.

பெயரைச் சுற்றி எழுந்த வழக்கு

பெயரிடுவது முடிந்த முடிவு அன்று. பரிசோதனைக்கு வைக்கப்படும் ஒரு கூற்று. ஸாந்தோசைபாரிஸுக்கு அந்தப் பரிசோதனை உடனே வந்தது.

நூட்கா சைப்ரஸை மட்டும் தனியே பிரித்து, கேலிட்ராப்சிஸ் என்ற பேரினப் பெயரை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1864இலேயே சூட்டியிருந்தார். அதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டிருந்தார்கள். விதித்தொகுப்பின்படி ஒரே பேரினத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் மூத்தது வெல்லும். 2004இல் டேமன் லிட்டிலும் உடனாய்வாளர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள்: இரண்டு மரங்களும் ஒரே பேரினம் என்றால், அதன் பெயர் கேலிட்ராப்சிஸ்தான். புதிய பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரே வழி, விதிவிலக்குக் கேட்டு மனுச் செய்வது. 2006இல் அப்படியொரு முன்மொழிவு வைக்கப்பட்டது. 2011இல் மெல்போர்னில் கூடிய மாநாட்டில் ஸாந்தோசைபாரிஸ் பாதுகாக்கப்பட்ட பெயராயிற்று.

உறவுமுறை பற்றிய கேள்வி அதோடு முடியவில்லை. டிஎன்ஏவை ஒப்பிடும் ஆய்வுகள், இரண்டு மரங்களும் குப்ரெசஸ், சூனிப்பர் கூட்டங்களோடு மிக நெருக்கமானவை என்று காட்டுகின்றன. ஆனால் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒரே விடை தரவில்லை. அதனால் சிலர் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். சிலர் தனித்தனிப் பேரினமாக்குகிறார்கள். இரண்டையும் குப்ரெசஸில் சேர்ப்பவர்களும் உண்டு. எந்தப் பிரிவினர் சொல்வது நிலைத்தாலும், பாட் டாய் சோன் மரம் ஒரு தனிச் சிற்றினம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வழக்கின் அதிர்வு எதிர்பாராத இடத்தில் எட்டியது. பிரிட்டனின் வீட்டுத் தோட்டங்களில் வேலியாக நடப்படும் லேலண்ட் சைப்ரஸ் ஒரு கலப்பினம். வேல்ஸில் உள்ள லெய்டன் ஹால் தோட்டத்தில் 1888இல் அது தோன்றியது. அதன் பெற்றோரில் ஒன்று நூட்கா சைப்ரஸ். மற்றது நீலகிரியிலும் நடப்பட்டுள்ள மான்டரே சைப்ரஸ். இரண்டு பேரினங்களுக்குப் பிறந்த கலப்பினத்தின் பெயர், பெற்றோரின் பேரினப் பெயர்களைச் சேர்த்து அமைக்கப்படும். நூட்கா சைப்ரஸ் கமேசைபாரிஸில் இருந்தவரை கலப்பினத்தின் பெயர் குப்ரெசோசைபாரிஸ். அது ஸாந்தோசைபாரிஸுக்குப் போனதும் கலப்பினம் குப்ரோசைபாரிஸ் ஆனது. வியட்நாமின் முகட்டில் எடுத்த ஒரு கிளை, இங்கிலாந்தின் வேலிகளுக்குப் பெயர் மாற்றியது. உயிர்களின் வகைப்பாடு ஒன்றோடொன்று எவ்வளவு இறுகப் பிணைந்தது என்பதற்கு இது சான்று.

ஊர் அறிந்த மரம்

அறிவியலுக்குத்தான் அது புதிது. மலையடிவார மக்கள் அந்த மரத்தை அறிந்திருந்தார்கள். வியட்நாமிய மொழியில் அதற்குப் பாக் வாங் என்று பெயர். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மணமும் உறுதியும் நுண்ணிய இழையும் கொண்ட அதன் கட்டை மிகவும் மதிக்கப்படுவது. வீட்டுப் பூசைமாடங்களும் சவப்பெட்டிகளும் செய்வதற்கு அதை வெட்டினார்கள். தாவரவியலாளர்கள் வந்து சேர்ந்தபோது, எளிதில் ஏறக்கூடிய இடங்களில் இருந்த பெரிய மரங்கள் பலவும் ஏற்கெனவே போயிருந்தன. பாறை காத்தது, ஆனால் நல்ல மரத்துக்காக மனிதர் முகட்டுக்கும் ஏறுவார்கள்.

பின்னர் வியட்நாமின் வேறு சில சுண்ணாம்பு மலைகளிலும், எல்லைக்கு அப்பால் சீனாவின் குவாங்ஷி பகுதியிலும் இந்த மரம் கண்டறியப்பட்டது. இருந்தும் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அதை வைத்திருக்கிறது. கிளைத்துண்டுகளை வேர்பிடிக்கச் செய்து கன்றுகள் வளர்க்க முடிகிறது என்பது நல்ல செய்தி. ஒரு மலையில் தீயோ கோடரியோ வந்தாலும் இனம் முழுவதும் அழிந்துவிடாதபடி தோட்டங்களில் அதற்குக் காப்பு இருக்கிறது.

பெயர் எப்போதும் காப்பதில்லை என்பதையும் இத்தகைய மலைகளே காட்டின. 1999ஆம் ஆண்டிலேயே வடக்கு வியட்நாமின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து வந்த ஓர் ஆர்க்கிடுக்குப் பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்று பெயரிடப்பட்டது. இளஞ்சிவப்புப் பூவுள்ள அழகான இனம். புதிய இனம் என்ற செய்தி பரவியதும் சேகரிப்பாளர் சந்தையில் விலை ஏறியது. சில ஆண்டுகளுக்குள் அது வளர்ந்த பாறைகள் ஏறக்குறைய முற்றாகச் சுரண்டப்பட்டன. இன்று அது தோட்டங்களில் நிறைய இருக்கிறது. காட்டில் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. இந்த அனுபவத்துக்குப் பிறகு, விலை போகக்கூடிய புதிய ஆர்க்கிடுகளை விவரிப்பவர்கள் கண்டெடுத்த இடத்தைத் துல்லியமாக வெளியிடத் தயங்குகிறார்கள்.

வேறு வகை ஆபத்து சிமென்ட். சுண்ணாம்புக் குன்று சிமென்ட் ஆலைக்கு மூலப்பொருள். ஒரு குன்றை முழுதாக வெட்டி எடுத்துவிட முடியும். ஒரே குன்றில் மட்டும் வாழும் இனம் இருந்தால் குன்றோடு அதுவும் முடிந்தது. மலேசியாவின் ஈப்போ அருகே உள்ள குனுங் கந்தான் குன்றில் கல்லுடைப்பு நடந்துவந்த நிலையில், அங்கே கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு நத்தை இனத்துக்கு, குன்றை வெட்டும் சிமென்ட் நிறுவனத்தின் பெயரையே 2014இல் ஆய்வாளர்கள் சூட்டினார்கள். இதன் வாழ்வும் சாவும் உங்கள் கையில் என்பதை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கும்.

பெயருக்குப் பின் வரும் கடமை

பெயரால் ஆபத்தும் வரலாம் என்றால் பெயரிடாமலே விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் பெயரில்லாத தாவரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. சிவப்புப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. காப்புக்காட்டின் எல்லையை வரையும் அதிகாரியிடம் அதைக் காரணமாகக் காட்ட முடியாது. கல்லுடைப்புக்கு அனுமதி கேட்கும்போது தயாரிக்கப்படும் சுற்றுச்சூழல் அறிக்கையில் அது ஒரு வரியாகக்கூட வராது. வெட்டுகிறவருக்கும் அது வெறும் மரம். வியட்நாம் மரம் 2002இல் பெயர் பெற்ற பிறகுதான், வேறு மலைகளில் அதைத் தேட யாருக்காவது காரணம் ஏற்பட்டது. தேடியதால்தான் புதிய இடங்கள் தெரிந்தன.

ஆகவே புதிய இனத்தைக் கண்டுபிடிப்பது என்பது முகட்டில் ஏறியவர், தாளைக் காத்தவர், கூம்பின் செதிலை எண்ணியவர், மறந்துபோன பழைய பெயரைத் தேடிச் சுட்டியவர், கன்று வளர்த்தவர் என்று பலரின் தொடர் உழைப்பு. இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துபோகும். இன்று மிகவும் மெலிந்திருக்கும் கண்ணி, ஒப்பிட்டு அடையாளம் காணும் வகைப்பாட்டியல் அறிஞர்தான். கல்லூரிகளில் தாவர வகைப்பாடு பழைய பாடம் என்று ஒதுக்கப்படுகிறது. உலர்தாவரகங்களில் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. சுண்ணாம்புக் குன்றுகளை வெட்ட அனுமதிக்கும் முன் அவற்றின் உச்சிவரை ஏறிக் கணக்கெடுக்க வேண்டும் என்பதும், கணக்கெடுத்ததை அடையாளம் காண ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். குன்றை ஒருமுறை வெட்டிவிட்டால் திரும்ப வராது. அதன் மேல் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்லவும் முடியாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் அறிவும் கருவிகளும் நம்மிடம் இருக்கும்போது, தெரியாமல் இழந்தோம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.